சிவப்புக்குக் கீழே என்ன நிறம்

ஹொங்கவாரா, குஹ்மோ
9 ஜனவரி 2011, ஞாயிறு

அன்புள்ள ரைலி,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று காலை பத்து ஐம்பதுக்கு நம் வீட்டுத் தீனித்தட்டுக்கு ஒரு கருந்தொப்பிச் சிட்டு வந்தது. அதன் வலது காலில் இரண்டு நிற வளையங்கள் இருந்தன. மேலே இருந்தது சிவப்பு. இதற்கு ஆதாரம் நான் மட்டும்தான். ஆவணம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது வருடமாக கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர நாம் எழுதிக்கொண்டதில்லை. திடீரென்று என் கையெழுத்தைப் பார்த்து உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிடாதே. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பத்திரிகைப் புகைப்பட வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. குளிர்காலமெல்லாம் சமையலறை ஜன்னலைத் திறந்து, கேமராவை வெளியே நீட்டி, இடைவெளியில் பழைய கம்பளியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டில் உட்காரும் பறவையின் படம் யாருக்கும் வேண்டாம் என்பதால், பக்கத்தில் பாசி படர்ந்த ஒரு கிளையை நட்டிருக்கிறேன். பறவைகள் தட்டுக்குப் போகும் முன் அதில் ஒரு நொடி உட்காரும். அந்த நொடிதான் எனக்கு வேண்டும்.

நேற்று அறுபத்து நாலு படம் எடுத்தேன். ஒன்றுதான் தேறியது. மாலையில் கணினியில் அதைத் திருத்த உட்கார்ந்தேன். நிழலில் கிடந்த பனியின் நீலத்தைக் குறைத்தேன். அலகில் ஒட்டியிருந்த சூரியகாந்தித் தோலை எடுத்தேன். காலருகே இரண்டு நிறப் புள்ளிகள் கண்ணை உறுத்தின. பக்கத்திலிருந்த காலின் நிறத்தையே எடுத்து மேலே பூசினேன். அதே கோப்பின் மேல் சேமித்தேன். பறவைச் சங்கத்தின் நாள்காட்டிக்கு அனுப்பினேன். மீதிப் படங்களை அழித்தேன். மறுநாளைக்காக கேமராவின் கார்டையும் காலி செய்தேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. நீ போன பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் பறவைக்கு அடையாள வளையம் போட்டதில்லை.

சிவப்பு நினைவிருக்கிறது. கீழே இருந்தது நினைவில்லை. எத்தனை தரம் கண்ணை மூடிப் பார்த்தும் வரவில்லை. திருத்திய படத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. அதில் உனக்குப் பயன்படுவது ஒன்றும் கிடையாது.

ஹெய்னிக்கும் நம் பேரக்குழந்தைக்கும் என் அன்பு.

ஓர்வோ


துர்க்கு
17 ஜனவரி 2011

ஓர்வோ,

படம் மிக அழகாக இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

1988 உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. சங்கத்தின் ஆண்டு மலர் அட்டையில் உன் படம் வந்தது. அதே இனம், அதே தட்டு. மூன்று வருடமாக நான் பின்தொடர்ந்த பறவை. வலையில் பிடித்து, எடை பார்த்து, என் கையால் வளையம் போட்டது. ஓவ்லு நகரில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு அந்த மலரைப் பெருமையோடு தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் அட்டையைத் தட்டிக் காட்டி, “நல்ல பறவை. இதுக்கு யாராவது ஒரு வளையம் போட்டிருக்கலாமே” என்றார். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, வளையத்தை ஏன் மறைத்தாய் என்று உன்னிடம் கேட்டேன். “பார்க்கிறவங்க கண்ணு காலுக்குப் போகுது ரைலி, பறவைக்குப் போகல” என்றாய். நீ சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு உன் படங்களில் இருந்ததெல்லாம் யாரும் தொடாத பறவைகள். நான் இருபத்திரண்டு வருடம் விடியலில் எழுந்து தொட்ட பறவைகள் அவை.

பழங்கதை போதும். இப்போது வேலை.

சிவப்புக்குக் கீழே என்ன நிறம் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு பதில்தான் இருக்க முடியும். நீலம் என்றால், ஏரிக்கு அக்கரையில் யார்க்கோ என்ற இளைஞர் 2007இல் வளையமிட்ட பறவை. வயது நாலு. சாதாரணச் செய்தி. வெள்ளை என்றால், 2001 செப்டம்பரில் நான் வளையமிட்டது. அங்கே நான் போட்ட கடைசி வளையம். என் குறிப்பேட்டில் அந்த வரிக்குக் கீழே பக்கம் காலியாக இருக்கிறது. அந்தக் குருவி உயிரோடு இருந்தால் இது அதன் பத்தாவது குளிர்காலம். பதினோரு கிராம் உடம்பு, பத்துக் குளிர்காலம். நான் கணக்கெடுத்த காட்டில் எந்தச் சிட்டும் ஏழு குளிர்காலத்தைத் தாண்டியதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது: முதலில் கண்ணால் பார். நேரத்தை எழுது. பிறகு படம் எடு. எடுத்ததில் கை வைக்காதே. தொலைபேசியில் கூப்பிடாதே. நீ பேச ஆரம்பித்தால் கடைசியில் நான் உனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். எழுது.

கடிதத்தில் “நம் வீடு” என்று எழுதியிருக்கிறாய். கவனித்தேன்.

ரைலி


ஹொங்கவாரா
26 ஜனவரி 2011

அன்புள்ள ரைலி,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. அன்றிலிருந்து காலை ஒன்பது முதல் மூன்று வரை ஜன்னலில் இருக்கிறேன். 1988 பற்றி எனக்கு எதிர்வாதம் எதுவும் இல்லை. அட்டைப்படம் நினைவிருக்கிறது. நீ கேட்டது நினைவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் ஐந்து நாளும் பெரிய சிட்டுகள், நீலச்சிட்டுகள், இரண்டு மரங்கொத்திகள். வளையமில்லாத கருந்தொப்பி ஒன்று மட்டும் தினமும் வந்துபோயிற்று. ஒவ்வொரு முறையும் அதன் காலைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். அது பாவம் என்ன செய்யும்.

பக்கத்து வீட்டு லெம்பி ரொட்டி கொடுக்க வந்தவள் என் கோலத்தைப் பார்த்தாள். கம்பளிச் சால்வை, ஒரு கையில் தொலைநோக்கி, மறு கையில் பென்சில். “நீ குருவிக்குக் காவலா, குருவி உனக்குக் காவலா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியே தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, “அவ இருந்தப்ப நீ ஒரு நாளாவது இப்படி உக்காந்து அவ என்ன பண்றான்னு பார்த்திருந்தா, இப்ப குருவி மூலமா அவளைத் தேட வேண்டி வந்திருக்காது” என்று சொல்லிவிட்டு ரொட்டியை வைத்துப் போனாள். எழுபத்தெட்டு வயதிலும் அவள் நாக்குக்குப் பல் தேவைப்படவில்லை.

நேற்று, செவ்வாய், பதினொன்று பதினைந்துக்கு அது வந்தது. குளிர் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. நேராகத் தட்டில் இறங்கி, இரண்டு விதைகளை ஒன்றாகக் கவ்விக்கொண்டு போய் பைன் மரப் பட்டைக்குள் ஒளித்து வைத்தது. மறுபடி வந்தது. நீ சொன்னபடி முதலில் கண்ணால் பார்த்தேன். மேலே சிவப்பு, சாயம் போய்ச் செங்கல் நிறமாக இருந்தது. கீழே ஏதோ வெளிர் நிறம். இரண்டாவது தரம் வந்தபோதுதான் கேமராவைத் தொட்டேன்.

படம் இத்துடன் வருகிறது. கேமராவிலிருந்து வந்தபடியே அச்சிட்டது. தட்டின் விளிம்பு, எச்சம், உமி எல்லாம் தெரிகிறது. பறவையின் தலை பாதிதான் இருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான படத்தை யாருக்கும் அனுப்பியதில்லை. கால் மட்டும் தெளிவாக இருக்கிறது.

இனிச் சிக்கலைச் சொல்கிறேன். படத்தில் கீழ் வளையம் நீலமாக இருக்கிறது. ஆனால் பனியும் நீலமாக இருக்கிறது. தட்டு வீட்டு நிழலில் இருக்கிறது, வானம் தெளிவாக இருந்தது, அந்த நேரத்து வெளிச்சம் அப்படி. கணினியில் நிறச் சக்கரத்தை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் பனி வெள்ளையாகும். வளையமும் வெள்ளையாகும். நகர்த்திப் பார்த்தேன், மறைக்கவில்லை. பிறகு சேமிக்காமல் மூடினேன். பனிக்கு எது சரியான வெள்ளை என்று முடிவு செய்வது என் கைதான். உனக்கு எந்த நிறம் வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அதனால் அதை நம்பவில்லை.

மூலக்கோப்பை மூன்று இடத்தில் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன்.

ஓர்வோ


துர்க்கு
3 பிப்ரவரி 2011

ஓர்வோவுக்கு,

படத்தைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். காலையில் வெள்ளை. மாலையில் விளக்கைப் போட்டதும் நீலம். ஹெய்னி வந்து பார்த்துவிட்டு, “இது அப்பா எடுத்ததா? இருக்கவே இருக்காது” என்றாள். அவளுக்கு எதுவும் விளக்கவில்லை.

அந்தக் காலையை உனக்கு எழுதியதில்லை. 2001 செப்டம்பர் பதினாறு, ஞாயிறு. அடுத்த நாள் என் பெட்டிகளுக்கு வண்டி வருவதாக இருந்தது. வேறு வேலை இல்லாததால் வலையைக் கட்டினேன். கட்டாமல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. ஆறு நாற்பதுக்கு இந்தச் சிட்டு விழுந்தது. அந்தக் கோடையில் பிறந்த குஞ்சு. துணிப்பையிலிருந்து எடுத்ததும் என் கட்டைவிரலைக் கொத்திக்கொண்டே இருந்தது. பதினொரு கிராமும் கொஞ்சமும். இடது காலில் உலோக வளையம், வலதில் சிவப்பு, அதன் கீழ் வெள்ளை. நீ சௌனா நீராவிக் குளியலறையின் வாசலில் காபிக் கோப்பையோடு நின்றாய். வந்து என்ன எடை என்று கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ உள்ளே போனாய். நான் பறவையை விட்டேன். வலையைச் சுருட்டினேன்.

இந்தப் பறவை அதுதானா என்று படத்தால் சொல்ல முடியாது. நீ சக்கரத்தை நகர்த்தாதது சரி. ஒரே வழி, அதைப் பிடித்து உலோக வளையத்தின் எண்ணைப் படிப்பது. அதற்கு நான் வேண்டியதில்லை. யார்க்கோவுக்கு உரிமம் இருக்கிறது, கயானியில் இருக்கிறார், ஒரு மணி நேரப் பயணம். அவரைக் கூப்பிடு.

ரைலி


ஹொங்கவாரா
13 பிப்ரவரி 2011, ஞாயிறு

அன்புள்ள ரைலி,

யார்க்கோவைக் கூப்பிட்டேன். மைனஸ் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் இருக்கும்போது வலை கட்ட மாட்டேன் என்றார். இங்கே மைனஸ் முப்பத்து நாலு. மார்ச்சில் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நீலமா இருந்தா என்னோடது, நானே வந்து பார்த்துக்கிறேன். வெள்ளைன்னா அவங்களோடது. நான் தொட்டா நல்லா இருக்காது சார். அவங்களை வரச் சொல்லுங்க.” அவர் சொன்னதை எழுதுவது மட்டும்தான் என் வேலை. கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை.

சிட்டு மூன்று தடவை வந்தது. நான்காம் தேதி, எட்டாம் தேதி, பதினொன்றாம் தேதி. கடைசித் தடவை உடம்பை உருண்டையாக ஊதிக்கொண்டு தட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருந்தது. அது தின்னக் கொழுப்புருண்டை இன்னும் இரண்டு தொங்கவிட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். உன் வெள்ளை வளையம் ஜனவரி நிழலில் எப்படிப் படமாகும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அச்சிட்ட படங்கள் எதற்கும் உதவாது. அவை எல்லாவற்றிலும் காலைத் தூரிகையால் மூடியிருக்கிறேன். பிறகு மாடியிலிருந்த பழைய ஸ்லைடு ஃபிலிம்கள் நினைவுக்கு வந்தன. ஸ்லைடில் யாராலும் எதையும் அழிக்க முடியாது. வெளிச்சம் விழுந்தபடி இருக்கும்.

எட்டு நாளாக அவற்றைப் பார்க்கிறேன். முதலில் ஒப்பிடத்தான் தேடினேன். விடை இது: 1994 ஜனவரியில் எடுத்த மூன்று ஸ்லைடுகளில், வேறொரு பறவைக்கு நீ போட்ட வெள்ளை வளையம் இதே நீலமாகத்தான் இருக்கிறது. இது சாட்சி, தீர்ப்பு ஆகாது.

ஆனால் தேடத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. 1979 முதல் 2001 வரை நானூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகளில் வளையம் தெரிகிறது. ஒவ்வொன்றின் சட்டத்திலும் நான் தேதி எழுதியிருக்கிறேன், அது என் தொழில் பழக்கம். நிறங்களையும் தேதியையும் வரிசையாக எழுதிப் பதினேழு தாளில் அனுப்புகிறேன். சந்தேகமுள்ள இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். உன் குறிப்பேட்டில், இறந்துவிட்டதாக நீ முடிவு கட்டிய பறவைகள் சில அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்தும் நம் தட்டில் தின்றுகொண்டிருந்தன என்று நினைக்கிறேன். நீதான் சரிபார்க்க வேண்டும்.

ஒரு ஸ்லைடில் உன் கை இருக்கிறது. 1983, மார்ச். பறவையை விடும் நேரம். விரலில் அலகு கொத்திய சிவப்புத் தடம்கூடத் தெரிகிறது. அதை நான் எங்கும் வெளியிட்டதில்லை. கை படத்தைக் கெடுக்கிறது என்று அப்போது பெட்டியில் போட்டிருக்கிறேன்.

அன்று சௌனா வாசலில் நின்றது நினைவிருக்கிறது. எடை என்ன என்று கேட்க நினைத்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது, நீ வலையைச் சுருட்டினால் கிளையில் ஏதாவது வந்து உட்காரும் என்று காத்திருந்தேன்.

ஓர்வோ


துர்க்கு
19 பிப்ரவரி 2011

அன்புள்ள ஓர்வோ,

பதினேழு தாளையும் என் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறாவது தாள் வரை முப்பத்தொரு பறவைகளின் கடைசித் தேதி மாறிவிட்டது. அதில் ஒன்று நாலு வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறது. நான் 1991இல் அதற்காகக் கொஞ்சம் அழுதேன். வீண்.

நீ பொய் சொல்லாததற்கு நன்றி என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதியிருக்கிறேன், மேலே பார்.

மார்ச் பதினொன்று இரவு ரயிலில் ஏறுகிறேன். பன்னிரண்டு, சனிக்கிழமை, மாலை நாலு முப்பத்தைந்து பஸ்ஸில் குஹ்மோவில் இறங்குவேன். ஞாயிறு காலை வலை. லெம்பி வீட்டில் தங்குகிறேன், அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதைப் பற்றி வாக்குவாதம் வேண்டாம்.

நீ தயார் செய்ய வேண்டியது: சௌனாப் பரணில் பச்சைப் பையில் என் பழைய வலை இருக்கும், எலி கடித்திருந்தால் கிழிசலை மெல்லிய நூலால் கட்டு, தடித்த நூல் வேண்டாம். மூங்கில் கம்பு இரண்டு. தட்டை இடம் மாற்றாதே. பாசிக் கிளையை எடுத்துவிடு, வலையில் சிக்கும்.

எடைக்கருவியை நான் கொண்டுவருகிறேன்.

ரைலி


ஹொங்கவாரா
2 மார்ச் 2011, புதன்

அன்புள்ள ரைலி,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன், உனக்குப் பிடிக்காது என்றாலும். சிட்டைக் கடைசியாகப் பார்த்தது பிப்ரவரி பதினாறு, பகல் ஒன்று ஐந்துக்கு. அன்று இரவு குளிர் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு பதினாலு நாளாக அது தட்டுக்கு வரவில்லை. ஆதாரம் நான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தினமும் இருந்தேன். இரண்டு நாள் மட்டும் மருத்துவமனைக்குப் போனதால் நண்பகல் வரை இல்லை.

முதலில் உனக்கு எழுதாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நீ வருவாய். அப்படி வரவழைத்தால், காலை மறைத்து இன்னொரு தரம் பூசியதாகத்தான் ஆகும்.

உறுதியாகாதது ஒன்று இருக்கிறது. நேற்று முன்தினம் லெம்பி தன் விறகுக் கொட்டகைக்குப் பின்னால், ஊசியிலை மரங்களுக்குள் அந்த இனத்தின் குரலைக் கேட்டதாகச் சொல்கிறாள். “மூக்கால அழற மாதிரி மூணு தரம் கத்துச்சு. எனக்குக் காது கேக்காதுன்னு நீ சொல்லுவ. அது கத்தினது உனக்குத்தான் கேக்கல” என்றாள். ஒரே சாட்சி, கண்ணால் பார்க்கவில்லை. வளையமில்லாத அந்த இன்னொன்றாகவும் இருக்கலாம். நான் இரண்டு மணி நேரம் அங்கே நின்றேன். எதுவும் கேட்கவில்லை.

வலையில் எலி கடித்த இடம் நாலு. மெல்லிய நூலால் கட்டியிருக்கிறேன். கம்புகள் தயார். கிளையை எடுத்தாயிற்று. கேமராவையும் ஜன்னலிலிருந்து எடுத்து, ஜன்னலை மூடிவிட்டேன். சமையலறையில் இத்தனை வருடத்தில் இப்போதுதான் கதகதப்பாக உட்கார முடிகிறது.

பத்தாம் தேதியிலிருந்து குளிர் குறையும், ஞாயிறு காலை மைனஸ் நாலு டிகிரிக்குக் கீழே போகாது என்று வானொலியில் சொன்னார்கள். வலை கட்டலாம். அதில் என்ன விழும், ஏதாவது விழுமா என்பது ஞாயிறு பத்து மணிக்குள் தெரியும்.

பயணச்சீட்டை ரத்து செய்ய உனக்கு நேரம் இருக்கிறது. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். வரவில்லை என்று எழுதினால் அது அடுத்த புதன், ஒன்பதாம் தேதி, பதினோரு மணித் தபாலில் இங்கே வந்துவிடும். லெம்பிக்குக் கண் மருத்துவர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், சனிக்கிழமை பஸ் நிறுத்தத்துக்கு அவளை நான்தான் அழைத்து வருகிறேன். புதன்கிழமை தபால் பெட்டி காலியாக இருந்தால், நாலரைக்கு அங்கே இருப்போம்.

ஓர்வோ